எண்ணூர் முகத்துவாரத்தை ஹாக்னி மாதிரி பல துண்டாக வரைவது எப்படி?

கழிமுகம்:
பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 2007-ல் வரைந்த ‘பிக்கர் ட்ரீஸ் நியர் வார்ட்டர்’ 50 கேன்வாஸ் சேர்ந்த ஒரே ஓவியம். அந்த முறையில் காட்டுக்குப்பம் பக்கம் நின்று ஆறு, அலையாத்தி, அந்தப் பக்க அனல்மின் நிலையப் புகைபோக்கி எல்லாத்தையும் 15×22 இஞ்ச் நீர்வண்ணத் தாள் 6-ல் வரையணும். சேர்த்து வெச்சா தண்ணி மட்டம் பொருந்தலை, வானமும் தாளுக்கு ஒரு நிறமா இருக்கு. என்ன செய்யலாம்?

சாம்பல்நீலம்:
முதல்ல ஹாக்னி ஏன் அப்படிச் செய்தார்னு பாருங்க. கலிஃபோர்னியா நீச்சல்குள ஓவியங்களால் பேர் வாங்கியவர், பிறகு சொந்த ஊரான யார்க்‌ஷயர் பக்கம் திரும்பி மரங்களை வெட்டவெளியில் நின்றே வரைஞ்சார். 12 மீட்டர் அகலத்தை ரோட்டோரம் நிறுத்த முடியாது, தள்ளி நின்னு முழுசாப் பார்க்கவும் இடமில்லை. அதனால துண்டு துண்டா வரைந்து, போட்டோ எடுத்து, கம்ப்யூட்டர்ல ஒட்டிப் பார்த்தார். நீங்களும் தினமும் முடிச்சதும் ஆறு தாளையும் ஒரே வெளிச்சத்துல போட்டோ எடுத்து போன்ல சேர்த்துப் பாருங்க.

ஆனா அவருக்கு இருந்த வசதி நமக்கு இல்லை. இலை துளிர்க்கும் வரைக்கும் மரம் அசையாம நிக்கும். இங்கே தண்ணி நிக்காது.

ஓதம்பார்ப்பவர்:
பிரச்சினையே அதுதான். ஓதம் (கடல் நீர் ஏறி இறங்குவது) தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். இன்னிக்குக் காலை 7 மணிக்கு இருந்த ஏற்றம் நாளைக்கு 7.50-க்குத்தான். ‘தினமும் 7 மணிக்குப் போறேன், வெளிச்சம் ஒண்ணா இருக்கும்’னு நினைச்சா வெளிச்சம் பொருந்தும், சேற்றுக்கரை பொருந்தாது. அதே மணிக்கு அதே கட்டம் திரும்ப வர ஏறக்குறைய 15 நாள் ஆகும்.

அதனால முதல் நாள் வண்ணமே வேண்டாம். ஆறு தாளையும் வரிசையா வெச்சு, அடிவானம், தண்ணி விளிம்பு, நட்ட கழிகள் மூணையும் 2பி பென்சிலால ஒரே மூச்சில் போட்டுடுங்க. ஒவ்வொரு தாளின் இரண்டு ஓரத்திலும் கீழிருந்து அடிவானம் எத்தனை செ.மீ. என்று அளந்து குறிங்க. பிறகு வானமும் புகைபோக்கியும் எந்த நாளும் செய்யலாம். சேறும் நீரும் சேரும் பட்டையை மட்டும் ஓதம் பொருந்தும் நாளில்தான் தொடணும். கோடையில் ஆரம்பிச்சு வடகிழக்குப் பருவமழைக்கு இழுத்தா வெள்ளத்தண்ணி கலங்கி முழு நிறமும் மாறிடும், ஒரே பருவத்துக்குள்ள முடிச்சிடுங்க.

கெட்டித்தாள்:
வானத்துக்கு: ஒரு தாளுக்கு 20 மி.லி. கணக்கில், கொஞ்சம் கூடுதலா 150 மி.லி. கலவையை மூடி போட்ட பாட்டிலில் ஒரே தடவையா கலந்துக்கோங்க. அல்ட்ராமரின் நீலம் அடியில் படியும், ஒவ்வொரு தாளுக்கு முன்னாடியும் குலுக்கணும். பலகைச் சாய்வு ஆறுக்கும் ஒண்ணா இருக்கட்டும். நீர்வண்ணம் காய்ந்தா வெளுக்கும், அதனால ஈரத்தாளைக் காய்ந்த தாளோட ஒப்பிட்டு நிறத்தைத் திருத்தவே கூடாது. உங்க வானம் வேறு வேறா ஆனதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம். வெயில் நேரா விழும் தாளும் கண்ணை ஏமாத்தும், குடை பிடிங்க.

மதியம் கடற்காற்று ஏறினதும் காற்றில் ஈரம் கூடும், வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) காய நேரமாகும். பாதி காய்ந்த வாஷில் அதைவிட ஈரமான தூரிகை பட்டா காலிஃப்ளவர் மாதிரி தழும்பு விழும். பளபளப்பு முழுசா போய், புறங்கையால தொட்டா குளிர்ச்சி தெரியாத வரைக்கும் காத்திருங்க. 300 ஜிஎஸ்எம் பருத்தித்தாள், நாலு பக்கமும் கம்மிங் டேப் (நனைச்சு ஒட்டும் காகித டேப்) போட்டு பலகையில் ஒட்டுங்க. ஆத்துத் தண்ணியில் வண்ணம் கலக்காதீங்க: உப்பு நிறமியைப் புள்ளி புள்ளியா விலக்கும், பின்னாடி காற்று ஈரத்தையும் இழுக்கும்.

கழிமுகம்:
நன்றிங்க. அலையாத்தி மட்டும் பொம்மைப் பச்சையா வருது, சார்.

சாம்பல்நீலம்:
ட்யூப் பச்சையை விடுங்க. இலை மேல்பக்கம் மினுங்கும் கரும்பச்சை, அடிப்பக்கம் வெள்ளிச் சாம்பல். காற்று திருப்பினா மரமே வெளுத்துத் தெரியும். அல்ட்ராமரின், ரா சியன்னா (மஞ்சள் காவி), ஒரு துளி பர்ன்ட் சியன்னா (செங்காவி) போதும். அடிப்பக்கத்துக்கு அதே கலவையை நீர்த்து நீலம் கூட்டுங்க. சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேரை சேறு முழுசா காய்ந்த பிறகு ரிக்கர் (நீள முடி உள்ள மெல்லிய) தூரிகையால கீழிருந்து மேலே இழுங்க. எல்லாத்தையும் ஒரே உயரத்துல போட்டா வேலி மாதிரி ஆயிடும். புகைபோக்கியைக் கறுப்பா போடாதீங்க, அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த வெளிறிய சாம்பல், விளிம்பு மெத்துன்னு. அதை அழகுக்காக விட்டுடவும் வேண்டாம். எண்ணூரின் வானம் அதோட சேர்ந்ததுதான்.