புனல் வரைபடம் போட்டுப் பழகியவர்கள் யாராவது?

வணக்கம். இங்கிலாந்தில் ஆஸ்துமா, சர்க்கரை நோய், சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) ஆகியவற்றுக்கான அவசர அட்மிஷன்களை ஜிபி (குடும்ப மருத்துவர்) கிளினிக் வாரியாகப் படமாக்குகிறேன். ஆஸ்பத்திரிக்கு வெளியிலேயே ஒழுங்காகக் கவனித்திருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடியவை இவை. வயதுக்கேற்பச் சரிசெய்து, லட்சம் பேருக்கு எத்தனை என்று கணக்கும் போட்டாயிற்று.

சிக்கல் மேப்பில்தான். 2,000 பேர் மட்டுமே பதிந்துள்ள கிளினிக்கில் நாலைந்து குழந்தைகள் கூடுதலாக மூச்சுத்திணறலோடு சேர்ந்தாலே அந்த இடம் பளிச்சென்று சிவந்துவிடுகிறது. டாக்டர்கள் கோபப்படுவதும் நியாயம்தானே?

சரி, சின்ன கிளினிக்குகளுக்கு எல்லை அகலமாகவும் பெரியவற்றுக்குக் குறுகலாகவும் இருக்கும் புனல் வரைபடத்துக்கு (funnel plot) மாறலாம் என்றால், பாதிப் புள்ளிகள் 99.8% எல்லைக்கு (வித்தியாசம் வெறும் தற்செயல் என்றால் 99.8% புள்ளிகள் இதற்குள் அடங்க வேண்டும்) வெளியே நிற்கின்றன. எல்லையை அகலப்படுத்துவதா, அந்தந்தப் பகுதியின் வறுமை நிலையையும் கணக்கில் சேர்ப்பதா? ஆர் (R) என்ற புள்ளியியல் கணினி மொழியில் இதைச் செய்தவர்கள் சொல்லுங்களேன். அப்புறம், மூன்றாண்டுத் தரவை ஒன்றாகச் சேர்ப்பது சரியா?