டி-34-85, 1/35: பெர்லின் வண்டிக்குத் துரு எவ்வளவு, தூசி எவ்வளவு?

கவசப்பச்சை:

வணக்கம் நண்பர்களே. சோவியத் டாங்கி டி-34-85-இன் 1/35 அளவு பிளாஸ்டிக் மாடல் ஒட்டி முடிந்தது, பிரைமரும் அடித்தாயிற்று. 1945 ஏப்ரல் கடைசியில் பெர்லின் தெருக்களுக்குள் நுழைந்த வண்டியாகச் செய்ய எண்ணம். பீரங்கி பொருத்திய சுழலும் மேல்கூடான டரட்டைச் சுற்றி வெள்ளைப் பட்டை, கூரையில் வெள்ளைச் சிலுவை, அடியில் சோவியத் டாங்கிகளின் வழக்கமான 4பிஓ பச்சை. வண்டியில் கை வைக்கும் முன் பிளாஸ்டிக் கரண்டிகளில் சோதித்துப் பார்த்ததில் மூன்று இடத்தில் சிக்கல்.

முதலில் ஹேர்ஸ்ப்ரே, அதாவது ஈரப்படுத்தித் தேய்த்தால் மேல்பூச்சு உரிந்து தேய்மானம் போலத் தெரிய வைக்கும் முறை. துரு நிற அடிப்பூச்சு, அதன் மேல் ஹேர்ஸ்ப்ரே, அதற்கும் மேல் அக்ரிலிக் பச்சை. ஒரு கரண்டியில் எவ்வளவு தேய்த்தாலும் பச்சை உரியவில்லை. இன்னொன்றில் நகத்தளவுக்குப் பட்டை பட்டையாகக் கழன்று வந்துவிட்டது. பெயின்ட் ஒன்றேதான். முதலாவதற்கு லாக்கர் தின்னர், இரண்டாவதற்குத் தண்ணீர் கலந்தேன். இரண்டாவதில் பூச்சும் கொஞ்சம் தடிமன்.

அடுத்தது வாஷ், இடுக்குகளில் நிழல் போல நிற்க வேண்டிய நீர்த்த பூச்சு. கரைத்த ஆயில் பெயின்ட் போல்ட் ஓரத்தில் கோடாக நிற்காமல் சுற்றிலும் பரவி, மொத்தப் பச்சையையும் அழுக்காக்குகிறது.

பிறகு டிராக், சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை. தனித்தனி லிங்க்குகள் (கண்ணிகள்). சக்கரங்களுக்கு மேலே விறைப்பாக அந்தரத்தில் நிற்கிறது, தொய்வே இல்லை. அதோடு, டிராக்கில் எவ்வளவு துரு வைப்பது? ஆரஞ்சு நிறத்தில் முக்கி எடுத்த படங்கள்தான் எங்கும் கண்ணில் படுகின்றன.

மெழுகுத்துணி:

துருவிலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதை ஒட்டித்தான் வரும். டி-34-85 உற்பத்தி 1944 தொடக்கத்தில்தான் ஆரம்பித்தது. ஆகவே பெர்லினில் நின்ற எந்த 85-க்கும் வயது சுமார் ஒன்றேகால் வருடத்தைத் தாண்டாது, பலவற்றுக்குச் சில மாதங்கள்தான். அந்த வயதில் கவசத் தகடு அடுக்கடுக்காகத் துருப்பிடித்துப் பெயின்ட் உப்பி உதிராது. அப்படிப்பட்ட துரு, வயலில் பத்து வருடம் கிடந்த வண்டிக்கு உரியது. உங்கள் வண்டியில் தூசி, டீசல், புகைக்கரி, பூட்ஸ் தேய்மானம் இவை நான்கும் முன்னால் நிற்க வேண்டும். துருவுக்கு இடம் எக்ஸாஸ்ட் குழாய்கள், டிராக், புதிதாகக் கீறல் விழுந்த இடங்கள், அவ்வளவுதான்.

ஆகவே பச்சைக்கு அடியில் துரு நிறமே வேண்டாம். 1/35-இல் 1 மில்லிமீட்டர் உரிசல் என்பது நிஜத்தில் 3.5 சென்டிமீட்டர். உங்கள் இரண்டாவது கரண்டியில் கழன்ற நகத்தளவுப் பட்டை, நிஜ வண்டியில் ஒரு சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிது. கண்ணுக்குச் சரியாகப் படுவது 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் புள்ளிகள்தான். இதற்கு ஹேர்ஸ்ப்ரே தேவையில்லை. பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் பட்டாணி அளவு கிள்ளி, சாக்லேட் பழுப்பில் தொட்டு, காகிதத்தில் பத்துப் பதினைந்து முறை ஒற்றி, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்று தோன்றும்போது வண்டியில் ஒற்றுங்கள். டிரைவர் முன் தகட்டில் இருக்கும் மூடி வழியாகத்தான் ஏறி இறங்குவார், அதனால் அந்தத் திறப்பின் கீழ் விளிம்பு, டரட் மூடிகளின் ஓரம், காலாட்படையினர் பிடித்துத் தொங்கும் கைப்பிடிக் கம்பிகள், முன் ஃபெண்டர் நுனி, இவ்வளவு போதும். தகட்டின் நடுவில் உரிசல் வைத்தால், அங்கே எது உரசியிருக்கும் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

கரண்டிகளில் நடந்ததற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன், வேறு வண்டிக்கு உதவும். லாக்கர் தின்னர் ஹேர்ஸ்ப்ரே படலத்தைக் கரைத்து ஊடுருவி அடிப்பூச்சையே கவ்விக்கொள்ளும். பிறகு தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லை. மேல்பூச்சுக்குத் தண்ணீரோ அந்த அக்ரிலிக்கின் சொந்தத் தின்னரோ மட்டும்தான். பட்டையாகக் கழன்றதற்குத் தடித்த பூச்சோ அளவுக்கு மீறிய ஹேர்ஸ்ப்ரேயோ காரணம். 20-25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து இரண்டு மெல்லிய வீச்சு, கால் மணி நேரம் காய்தல், அடியில் இருப்பது லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய பச்சை, ஓரிரு மணி நேரத்துக்குள் வெதுவெதுப்பான தண்ணீரும் முடி குட்டையாக வெட்டிய பழைய தூரிகையும். நாள் கணக்கில் விட்டால் அக்ரிலிக் இறுகிவிடும். ரப்பர் போலப் படலம் கட்டும் நீர்வழி அக்ரிலிக் வகைகள் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது, தோல் உரிவதுபோல் உரியும்.

வாஷ் பரவுவதற்குக் காரணம் மேட் பரப்பு. அது மை ஒற்றும் தாள் மாதிரி, கரைசலை நாலாபக்கமும் உறிஞ்சும். பச்சை ஒரு நாள் காய்ந்த பிறகு பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு மெல்லிய கோட் அடியுங்கள். ஒட்டுப்படம் இருந்தால் அதையும் இந்தக் கட்டத்திலேயே ஒட்டி, மேலே இன்னொரு கோட். வாஷுக்கு ரா அம்பர் (மண் பழுப்பு ஆயில் நிறம்), அதில் கடுகளவு கறுப்பு, ஒரு பங்குக்கு எட்டுப் பத்துப் பங்கு வாசனையில்லாத மினரல் ஸ்பிரிட். 4பிஓ மேல் வெறும் கறுப்பு வைத்தால் கார்ட்டூன் கோடு மாதிரி தெரியும். வெல்டு வரியிலும் போல்ட் அடியிலும் தூரிகை நுனியைத் தொட்டாலே போதும், கரைசல் தானே ஓடி நிற்கும். இருபது நிமிடம் கழித்து, ஸ்பிரிட்டில் நனைத்துத் துணியில் துடைத்த தூரிகையால், நிற்கும் தகடுகளில் மேலிருந்து கீழாக மட்டும் இழுத்துத் துடையுங்கள்.

இதில் ஓர் ஆபத்து. ஸ்பிரிட் தேங்கி, பெயின்ட் படாத பிளாஸ்டிக்கின் இடுக்குக்குள் போனால் பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். டி-34-இல் அது முதலில் காட்டுவது சக்கரம் மாட்டும் கைகளில். அங்கே ஏற்கெனவே அழுத்தம் இருக்கிறது. ஒரு இரவு கழித்துப் பார்த்தால் சக்கரம் தனியாகக் கிடக்கும். வண்டியின் அடிப்பாகத்தை வாஷில் குளிப்பாட்டாதீர்கள்.

தடம்72:

டிராக் பற்றி நான் சொல்கிறேன். நிஜ டி-34-இல் 500 மில்லிமீட்டர் அகல டிராக், ஒரு பக்கத்துக்கு 72 லிங்க், உள்பக்கம் நீட்டிய கொம்பு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என மாறி மாறி. 1/35-இல் அகலம் 14.3 மில்லிமீட்டர் வர வேண்டும், ஸ்கேல் வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். இந்த வண்டிக்கு மேலே தாங்கும் சிறு உருளைகள் கிடையாது. மேல் டிராக் நேராகச் சக்கரங்களின் முதுகில் படுத்து, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே கொஞ்சம் இறங்கும். அந்தரத்தில் நின்றால் எடையே இல்லாத பொம்மை போலிருக்கும். பெயின்ட் எவ்வளவு நன்றாக அடித்தாலும் அது மறையாது.

தொய்வு வரவழைக்க வழி இது. கண்ணாடித் தகட்டில் ஸ்கேல் ஓரமாக லிங்க்குகளை வரிசையாக அடுக்கி, மெல்லிய சிமென்ட்டை (மாடல் ஒட்டும் திரவப் பசை) தூரிகையால் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு தொடுதல் கொடுங்கள். முப்பது நாற்பது நிமிடத்தில் மூட்டுகள் பிடித்திருக்கும், ஆனால் வளையும். சக்கரங்கள், ஐட்லர் (முன்னால் டிராக் திரும்பும் சக்கரம்), ஸ்ப்ராக்கெட் (பின்னால் டிராக்கை இழுக்கும் சக்கரம்) மூன்றையும் ஒட்டாமல் வெறுமனே செருகி, டிராக்கைச் சுற்றிப் போட்டு, மேல்பகுதிக்கும் ஃபெண்டருக்கும் நடுவே பஞ்சுத் துண்டுகளைத் திணித்து, ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் டிராக் உட்காரும்படி அழுத்திவிட்டு இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் ஐட்லர் பக்கம் ஒரு மூட்டைப் பிரித்தால் முழு டிராக்கும் வடிவம் மாறாமல் தனியாக வந்துவிடும், பெயின்ட் அடிக்கவும் வசதி. செருகும்போது கொம்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். டி-34-இன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பல் கிடையாது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஆறு உருளைகள், அவைதான் கொம்பைப் பிடித்து இழுக்கும். கொம்பு இரண்டு உருளைகளுக்கு நடுவில் இல்லாமல் உருளையின் மேலேயே உட்கார்ந்தால் மொத்தச் சுற்றும் அரை லிங்க் தள்ளிப்போய், கடைசியில் மூட்டு சேராது.

நிறம்: அடியில் கரும் பழுப்பு கலந்த சாம்பல். மேலே மெல்லிய மண் நிற வாஷ் இரண்டு வகை, ஒன்று சற்றுச் சிவந்தது. அதுவே உங்கள் துரு. ஓடும் டாங்கியின் டிராக் ஆரஞ்சு ஆவதற்கு நேரமே கிடைக்காது. கல் பாவிய தெருவில் ஓடிய வண்டி என்பதால் வெளிப்புற மேடுகள் நன்றாகத் தேய்ந்து மின்ன வேண்டும், 4பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் வரும். உட்புறத்தில் சக்கர ரப்பர் ஓடும் இரண்டு பட்டைகள் மின்னாது, தூசி இல்லாமல் வழவழப்பாகக் கறுத்திருக்கும். கொம்பின் பக்கங்களும் ஸ்ப்ராக்கெட் உருளைகளும் மின்னும்.

பலரும் விட்டுவிடும் ஓர் இடம் இருக்கிறது. டி-34 டிராக் லிங்க்குகளைக் கோக்கும் பின்களுக்கு (ஆணிகளுக்கு) உள்பக்கத் தலை மட்டும்தான், வெளிப்பக்கம் பூட்டு கிடையாது. ஓட ஓட பின் உள்பக்கமாக நழுவி வரும். ஹல்லின் (வண்டி உடலின்) பக்கத் தகட்டில் ஸ்ப்ராக்கெட்டுக்கு அருகே ஒரு ஆப்புத் தகடு பற்றவைத்திருக்கும். நழுவிய பின்னின் தலை அதில் மோதி மறுபடி உள்ளே தள்ளப்படும். கிட்டில் அது குட்டியான முக்கோணத் துண்டாக இருக்கும். அதன் சாய்ந்த முகத்தில் பச்சை மிஞ்சவே மிஞ்சாது. ஊசி முனையளவு வெள்ளி, ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு எண்ணெய். சக்கர இடுக்கு வழியாகக் குனிந்து பார்ப்பவருக்கு அது ஒன்றே போதும், இந்த வண்டி ஓடியிருக்கிறது என்று நம்பிவிடுவார்.

கவசப்பச்சை:

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த ஆப்புத் தகட்டை வார்ப்பு எச்சம் என்று நினைத்துச் சீவிவிடப் பார்த்தேன், நல்லவேளை. துருவை விட்டுவிடுகிறேன். அப்படியானால் வெள்ளைப் பட்டைக்கு ஹேர்ஸ்ப்ரே பயன்படுமா? தூசிக்கு எந்த நிறம்?

மெழுகுத்துணி:

பட்டைக்கு ஹேர்ஸ்ப்ரே சரியாக வரும். பச்சைக்கு மேல் மெல்லிய வார்னிஷ், ஹேர்ஸ்ப்ரே, அதன் மேல் தண்ணீர் கலந்த வெள்ளை. கைப்பிடிகளுக்குப் பின்னால் தேய்த்து எடுங்கள்.

செங்கல்தூள்:

இதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பட்டை விமானங்களும் சொந்தப் படையும் அடையாளம் காண, தாக்குதலை ஒட்டி அவசரமாகப் பூசியது. பெர்லின் சண்டையே ஏப்ரல் 16-இல் தொடங்கி மே 2-இல் முடிந்துவிட்டது. இரண்டு வாரத்தில் வெள்ளை உரிந்து திட்டுத்திட்டாகாது. பூசும்போதே அது சீராக இல்லை என்பதுதான் விஷயம். டரட் வார்ப்பு எஃகு, பரப்பு சொரசொரப்பு. அகலத் தூரிகையால் அவசரமாக இழுத்தால் மேடுகளில் பிடிக்கும், குழிகளில் பச்சை எட்டிப்பார்க்கும். ஆகவே மாஸ்கிங் டேப்பும் வேண்டாம், ஏர்பிரஷும் வேண்டாம். வெள்ளையில் ஒரு சொட்டு ஓக்கர் சேர்த்து, 3 மில்லிமீட்டர் தட்டைத் தூரிகையால், பெயின்ட் குறைவாக எடுத்துக் கையாலேயே இழுங்கள். கைப்பிடியைச் சுற்றி வந்தால் சுற்றித்தான் வந்திருக்கும், விளிம்பு கொஞ்சம் கோணட்டும்.

இதற்கு டரட்டில் வார்ப்புச் சொரசொரப்பு இருந்தாக வேண்டும். கிட் டரட் வழவழவென்றிருந்தால், பிரைமர் அடித்த பிறகும் சேர்க்கலாம்: சர்ஃபேசர் 500 என்ற கெட்டியான அடிப்பூச்சை ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் தடவி, ஈரமாக இருக்கும்போதே விறைப்பான தூரிகையால் குத்துங்கள். காய்ந்ததும் 600 உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. டரட் பக்கவாட்டில் ஓடும் வார்ப்புப் பிரிவுக் கோட்டை மட்டும் மூடிவிடாதீர்கள், அது நிஜத்திலும் உண்டு.

தூசி: நம் ஊர்ச் செம்மண் நிறத்தைக் கை தானாகவே தேடும், ஆனால் அது இங்கே பொருந்தாது. இடிந்த கட்டடங்களின் காரை, செங்கல், சாம்பல்தான் பெர்லின் தூசி. வெளிர் சாம்பல் பிக்மென்ட் (நிறத்தூள்) மூன்று பங்கு, மணல் நிறம் இரண்டு, செங்கல் சிவப்பு கால் பங்குக்கும் குறைவு. முதலில் மேட் வார்னிஷ் அடித்துவிடுங்கள், பளபளப்பில் பிக்மென்ட் நிற்காது. ஃபெண்டர், இன்ஜின் தளத்தின் மூலைகள், முன் தகட்டின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் உலர்ந்த தூளைக் கொட்டி, சுத்தமான மினரல் ஸ்பிரிட்டைச் சொட்டுச்சொட்டாகப் பக்கத்தில் வையுங்கள், தானாக உறிஞ்சிக்கொள்ளும். தூளின் மேலேயே சொட்டினால் வட்ட வட்டமாகக் கறை விழும். காய்ந்ததும், ஆட்கள் உட்கார்ந்து கால் வைத்த இடங்களில் விரலால் துடைத்துவிடுங்கள். தூசி இருப்பதை விட, இல்லாத இடம்தான் ஆள் நடமாட்டத்தைக் காட்டும்.

டீசல் கறை பக்கவாட்டு உருளைத் தொட்டிகளின் மூடியைச் சுற்றி. அம்பரும் கறுப்பும் கலந்து மூன்று முறை: முதலில் மிக நீர்த்தது, பெரிய வட்டம், பிறகு சிறிது, அடர்த்தி கூடியது, கடைசியில் மூடியின் அடியில் ஒரு சொட்டு, அதில் பளபளப்பு வார்னிஷ் கலந்து. இதைத் தூசிக்குப் பிறகு வையுங்கள், எண்ணெய் தூசியை நனைத்துக் கறுப்பாக்கும் தோற்றம் அப்போதுதான் வரும். எக்ஸாஸ்ட் புகைக்கரிக்கு, வண்டியின் பின்பக்கத் தகட்டில் இரண்டு குழாய் வாய்களையும் சுற்றி, ஒரு பங்கு கரும் பழுப்புக்கு ஒன்பது பங்கு தின்னர், 10-12 பிஎஸ்ஐ அழுத்தத்தில், ஐந்தாறு மெல்லிய வீச்சு.

தடம்72:

வெள்ளைப் பட்டையில் செங்கல்தூள் சொல்வதே சரி. வார்னிஷ் பற்றி ஒன்று சேர்க்கிறேன். சென்னை, பினாங்கு மாதிரிக் கடலோர ஈரக்காற்றில் லாக்கர் வார்னிஷ் அடித்தால் வெள்ளையாகப் பனி படர்ந்துவிடும். மழை நாளில் அடிக்காதீர்கள், ஏசி ஓடிக் காற்று உலர்ந்த அறை நல்லது. படர்ந்துவிட்டால் பதறி உரிக்க வேண்டாம். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த லாக்கர் தின்னரை மட்டும் தூரத்திலிருந்து ஒரு தூவல் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆயில் வாஷ் முழுக்கக் காயாமல் அதன் மேல் லாக்கர் போனால் வெடிப்பு விடும், குறைந்தது மூன்று நாள் பொறுங்கள். பிக்மென்ட் வைத்த பிறகு எந்த வார்னிஷும் வேண்டாம், பாதித் தூசி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதற்குப் பிறகு வண்டியை எடுக்கும்போது ஹல்லின் அடியில் மட்டும் பிடியுங்கள்.