சங்கீத ரீச்சர்மாரோட உங்கட அனுபவங்களைச் சொல்லுங்கோ

மருதனார்மடத்தாள்:
கர்நாடக சங்கீதப் பாடகர் டி. எம். கிருஷ்ணாவைப் பற்றி இங்க கதை போனதால எழுதுறன். சென்னையில மீனவர் குப்பத்தில நடத்தின ஊரூர் ஆல்காட் குப்பத்து விழா, 2016இல மகசேசே விருது, 2024இல சென்னை மியூசிக் அகாடமியின்ர சங்கீத கலாநிதி விருது. போர் முடிஞ்சாப்பிறகு எங்கட யாழ்ப்பாணப் பக்கமும் வந்து பாடினவர். எல்லாம் சரி. ஆனா பாடுறது, படிப்பிக்கிறது, ஒதுங்கி நிக்கிற ஆக்களை மேடைக்குக் கூட்டிவாறது எண்ட மூண்டையும் நான் கிட்ட நிண்டு பார்த்தது எங்கட ரீச்சரிட்டத்தான். பேர் போடேல்லை, அவவுக்குப் பிடிக்காது.

இராமநாதன் நுண்கலைக் கழகத்தில படிச்சவ. காலமை பள்ளிக்கூடம், பின்னேரம் வீட்டில வகுப்பு, திருவிழா வந்தா கோயில் கச்சேரி. எங்களோட கண் தெரியாத பிள்ளை ஒண்டும் படிச்சது. ஆதி தாளம் பழக்கேக்க தட்டுச் சத்தம் அவவுக்குக் கேக்கும். வீச்சுக்குச் சத்தம் ஏது? விரல் எண்ணுறதும் அப்பிடித்தான். ரீச்சர் தன்ர கைக்கு மேல அவவின்ர கையை வைச்சு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எண்டு தொட்டுக் காட்டி, வீச்சில உள்ளங்கை திரும்புறதையும் பிடிச்சுப் பார்க்க விட்டா. பிறகு எங்களைப் பார்த்து, "நீங்களும் கண்ணை மூடுங்கோ" எண்டா. இரண்டாம் காலத்தில, அதாவது இரட்டை வேகத்தில, ஒரு எண்ணிக்கைக்கு ரெண்டு சுரம் எல்லே, ஆரம்பப் பாடமான சரளி வரிசையிலேயே பாதிப் பேர் கவுண்டிட்டம். அதுவரைக்கும் பக்கத்துப் பிள்ளையின்ர கையைப் பார்த்துத்தான் தாளம் போட்டிருக்கிறம்!

அளவெட்டித் தம்பி:
அக்கா, அந்தப் பிள்ளை கோயில் கச்சேரியில பாடேக்க மிருதங்கம் வாசிச்சது நான்தான். கோயில்காரர் "ஒரு தேவாரம் பாடட்டும், அஞ்சு நிமிசம் காணும்" எண்டவை. மாற்றுத்திறனாளிப் பிள்ளையள் எண்டா எங்கட ஆக்களுக்கு எப்பவும் இறைவணக்கம்தான், வேற ஒண்டும் நினைப்பில வராது. ரீச்சர் சொன்னா, "தேவாரமும் பாடுவா, வர்ணமும் கீர்த்தனையும் பாடுவா. நேரம் இல்லாட்டி என்ர கச்சேரியில பாதியை எடுங்கோ." அப்பிடியே நடந்தது.

எனக்குத்தான் பயம். தனி, அதாவது மிருதங்கம் தனிய வாசிக்கிற இடம், எப்ப விடுறது எண்டு பாடகர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பினம், அதுதான் எங்களுக்குச் சைகை. இவவோட அது சரிவராது. பல்லவி வரியை மூண்டு தரம் பாடி நிப்பாட்டினா தனி எண்டு முதலே கதைச்சு வைச்சம். தனியின்ர முடிவில கோர்வை எண்ட தாளக்கணக்கு மூண்டு தரம் வரும். முதல் தரத்திலயே கணக்கைப் பிடிச்சிட்டா. அது முடிய அவ திரும்பப் பாட்டைத் தொடங்கிற எடுப்பு துளியும் பிசகேல்லை.

கொக்குவிலான்:
நல்ல விசயம் தம்பி. காசு குடுத்தவையோ? உப்பிடியான இடங்களில பொன்னாடையோட அனுப்பிப் போடுவினம்.

அளவெட்டித் தம்பி:
அனுப்பத்தான் பார்த்தவை அண்ணை. ரீச்சர் நிண்டு கேட்டு வாங்கிக் குடுத்தவ.

மருதனார்மடத்தாள்:
அந்தப் பிள்ளை இந்த முறை வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை எடுக்கிறா. அறிமுறைத் தாளுக்கு அவ சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் தேவைப்படும். சங்கீதம் தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லம், சுரத்துக்கு மேல்புள்ளி கீழ்புள்ளி மாறினா ஸ்தாயியே, அதாவது சுரத்தின்ர மேல் கீழ் நிலையே, மாறிப்போகும். மருதனார்மடம், சுன்னாகம் பக்கம் ஆரும் இருந்தா எனக்குச் சொல்லுங்கோ.