ஆவி நேரே திண்மமாவதற்கு ஒரு சொல்: ‘ஆவியுறைதல்’

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, வணக்கம்.

பொருள்கள் திண்மம், திரவம், ஆவி என்று நிலை மாறுவதற்கு நாம் தொகுக்கும் நிலைமாற்றச் சொற்பட்டியலில் உருகுதல், உறைதல், ஆவியாதல், ஆவி சுருங்குதல் (ஆவி திரவமாதல்), பதங்கமாதல் (திண்மம் நேரே ஆவியாதல்) ஆகிய ஐந்திலும் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆறாவதில்தான் தேங்கி நிற்கிறோம். ஆவி, இடையில் திரவமாகாமல் நேரே திண்மமாவதை எப்படிச் சொல்வது? இதுவரை ‘படிதல்’, ‘எதிர்ப்பதங்கமாதல்’, ‘பனித்தல்’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான்காவதாக ‘ஆவியுறைதல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஊட்டியில் வேதியியல் கற்பிக்கிறேன். இந்த நிலைமாற்றம் மார்கழியிலும் தையிலும் எங்கள் பள்ளி மைதானத்திலேயே நடக்கிறது. அதற்குச் சரியான சொல் இல்லாமல் பாடம் நடத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘படிதல்’ எளிய சொல்தான். ஆனால் வேதியியல் வகுப்பில் அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம். கலங்கிய நீரில் மண் அடியில் படிகிறது. இரு கரைசல்களைக் கலந்தால் வீழ்படிவு கிடைக்கிறது. மின்னாற்பகுப்பில் எதிர்மின்வாயின் மேல் செம்பு படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் உப்பு படிகிறது. இவற்றில் எதிலும் ஆவி திண்மமாகவில்லை. ஒரு மாணவி விடைத்தாளில் ‘படிதல்’ என்று எழுதினால், அவள் எதைப் புரிந்துகொண்டாள் என்பது திருத்துகிறவருக்கே விளங்காது. ஒரு பொருள் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அந்தச் சொல் சொல்லும். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாறியது என்பதைச் சொல்லாது. நிலைமாற்றப் பட்டியலுக்கு வேண்டியது இரண்டாவதுதான். மெல்லிய உலோகப் படலங்களை உருவாக்கும் தொழில்நுட்பத்துக்கு ‘ஆவிப்படிவு’ என்ற சொல் அப்படியே இருக்கட்டும். அங்கே பரப்பின் மேல் அடுக்கு சேர்வதுதான் முக்கியம். பல முறைகளில் வேதிவினையும் கூடவே நடக்கிறது.

‘எதிர்ப்பதங்கமாதல்’ எனக்கு இன்னும் பெரிய சிக்கல். பதங்கம் சித்த மருத்துவத்திலிருந்து வந்த சொல். அக மருந்து வகைகள் முப்பத்திரண்டில் அதுவும் ஒன்று. சாம்பிராணியை மண்சட்டியில் இட்டு, இன்னொரு சட்டியை மேலே கவிழ்த்து, இரண்டின் வாயையும் சீலைமண்ணால் (மண் பூசிய துணியால்) மூடி, மெல்லிய தீயில் வைப்பார்கள். எழும் ஆவி மேல்சட்டியின் உட்புறத்தில் வெண்ணிற ஊசிகளாக ஒட்டிக்கொள்ளும். ஆறிய பின் அதைச் சுரண்டி எடுத்தால் சாம்பிராணிப் பதங்கம். அதில் முதன்மையாக இருப்பது பென்சாயிக் அமிலம். பதங்கம் என்பது மேல்சட்டியில் கிடைத்த பொருள் என்பதைக் கவனியுங்கள். கீழ்ச்சட்டியிலிருந்து ஆவி எழுவதையும் மேலே அது திண்மமாவதையும் சேர்த்துத்தான் வைத்தியர்கள் ஒரே செயலாகக் கண்டார்கள். பதங்கம் பிறக்கிற இடத்துக்குப் போய் ‘எதிர்ப்பதங்கமாதல்’ என்று பெயர் வைப்பது அந்த மரபுக்கு நாம் செய்யும் அநீதி. ‘பதங்கமாதல்’ என்ற பாடநூல் சொல்லை மாற்றச் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் அது நிலைபெற்றுவிட்டது. அதன் தலையில் ‘எதிர்’ என்ற சுமையை ஏற்றாமல் இருந்தால் போதும்.

‘பனித்தல்’ அழகான சொல். ஆனால் கண்கள் பனித்தன என்றால் ஈரம். மேலும் பனி என்றாலே தண்ணீர் நினைவுக்கு வருகிறது. அயோடின் ஆவி குளிர்ந்த புனலின் உட்புறத்தில் கருமையான படிகங்களாக நிற்பதைப் பனித்தது என்று எந்த மாணவரும் எழுத மாட்டார்.

இனி என் சொல்லுக்கு வருகிறேன். அதன் வேர் இந்த மலையின் அன்றாடப் பேச்சிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் இங்குள்ள விவசாயிகளும் செய்தித்தாள்களும் இரண்டு சொற்களைப் பிரித்தே வழங்குகிறார்கள்: நீர்ப்பனி, உறைபனி. நீர்ப்பனி விழுந்தால் புல் நனையும். உறைபனி விழுந்தால் தலைகுந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் தாழ்வான புல்வெளிகள் வெளுத்துவிடும். அடுத்த சில நாட்களில் தேயிலைக் கொழுந்து கருகும். வாழ்க்கைக்கு வேண்டியிருந்ததால் மக்கள் தாங்களாகவே செய்துகொண்ட பாகுபாடு இது. நீர்ப்பனி என்பது ஆவி சுருங்குதல். தைலம் காய்ச்சுகிற கொட்டகையைப் பார்த்த எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை விளக்கவே வேண்டியதில்லை. நீராவியும் தைலத்தின் ஆவியும் குழாய் வழியே வந்து குளிர்ந்து திரவமாகச் சொட்டுவதைப் பார்த்திருக்கிறார்கள். உறைபனி என்பது ஆவியுறைதல். ஒரு சொல் தெரிந்தவருக்கு அடுத்த சொல் தானே வந்துவிடும்.

கோத்தகிரி ஆசிரியை ஒரு கேள்வி எழுப்பியிருந்தார். மைதானத்தில் வெள்ளையாகக் கிடப்பது எல்லாமே ஆவியிலிருந்து நேரே வந்ததுதானா? முதலில் நீர்ப்பனியாக இறங்கி, பிறகு உறைந்ததாகவும் இருக்கலாமே? மிகச் சரியான கேள்வி, டீச்சர். இரண்டும் இருக்கும். ஒரே புல்வெளியில் இரண்டையும் காட்டலாம். வெயில் ஏறுவதற்குள் மாணவர்களைக் கைலென்சுடன் அழைத்துச் செல்லுங்கள். உறைந்த நீர்ப்பனி புல்லின் மேல் உருண்டையாக, கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். துளி துளியாக எண்ணிவிடலாம். ஆவியுறைந்த பனி அப்படி இருக்காது. இலையின் விளிம்பிலும் மெல்லிய மயிர்களின் நுனியிலும் ஊசிகளாகவும் சிறு தகடுகளாகவும் கிளைத்து நிற்கும். ஊசிகளுக்கிடையே காற்று இருப்பதாலும் பல பக்கங்களில் ஒளி சிதறுவதாலும் வெண்மையாகத் தெரியும். மூச்சுக்காற்று பட்டால் முனைகள் உடனே மழுங்கிவிடும், ஆகவே மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். உருண்டைக்கு ‘உறைந்த நீர்ப்பனி’, ஊசிக்கு ‘ஆவியுறைந்த பனி’ என்று எழுதினால் எது எந்த வழியில் வந்தது என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். ‘படிதல்’ இந்த வேறுபாட்டை முழுவதும் மறைத்துவிடும்.

இந்தப் பாடத்தில் மாணவர்கள் தவறாமல் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி’ என்று செய்தி வருகிறது. அதே காலையில் புல் மேல் உறைபனி. 3 டிகிரியில் எப்படி உறையும் என்று கேட்கிறார்கள். செய்தியில் வருவது தரைக்கு ஒரு மீட்டருக்கு மேலே, நிழற்பெட்டிக்குள் வைத்த வெப்பமானியின் அளவு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் புல் தன் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீச்சாக இழந்துகொண்டே இருக்கிறது. அதன் பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்து சுழிக்குக் கீழே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டிலுள்ள தோட்டம் தப்புவதும் பள்ளத்திலுள்ளது கருகுவதும் இதனால்தான். தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடிகளால் மூடி வைப்பார்கள். அந்த மூடாக்கு வானுக்குப் போகும் கதிர்வீச்சைத் தடுக்கிறது.

வெப்பக் கணக்கிலும் இந்தச் சொல் கைகொடுக்கிறது. 0 டிகிரியில் ஒரு கிராம் நீராவி நீராகும்போது சுமார் 2500 ஜூல் வெப்பம் வெளிவரும். அந்த நீர் பனிக்கட்டியாகும்போது மேலும் 334 ஜூல். ஆவி நேரே பனிக்கட்டியானால் இரண்டையும் கூட்டிய சுமார் 2834 ஜூல். ‘ஆவி’, ‘உறைதல்’ என்ற இரு பாதிகளும் சொல்லுக்குள்ளேயே இருப்பதால், எந்த இரண்டு எண்களைக் கூட்ட வேண்டும் என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வார். பதினொன்றாம் வகுப்பில் மும்மைப் புள்ளி (திண்மம், திரவம், ஆவி மூன்றும் சமநிலையில் சேர்ந்திருக்கும் நிலை) வரும்போது, நீராவியின் அழுத்தம் அந்தப் புள்ளிக்குரிய 611 பாஸ்கலுக்குக் கீழே இருந்தால் குளிரும் ஆவி ஏன் திரவத்தைத் தொடாமல் திண்மத்துக்குப் போகிறது என்பதையும் இதே சொல்லால் விளக்கலாம்.

யாழ்ப்பாண நண்பர் ‘வாயுவுறைதல்’ என்பதே பொதுவானது என்கிறார். கார்பன் டை ஆக்சைடு வாயுதானே, அதை ஆவி என்னலாமா என்பது அவர் கேள்வி. என்னலாம். ஒரு வெப்பநிலைக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது. அந்த மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே உள்ள வாயுவை ஆவி என்பதுதான் இயற்பியல் வழக்கு. கார்பன் டை ஆக்சைடுக்கு அது சுமார் 31 டிகிரி. உலர்பனி (திண்மக் கார்பன் டை ஆக்சைடு) உருவாவது சுழிக்குக் கீழே 78 டிகிரி அளவில். செவ்வாயின் துருவத்தில் குளிர்காலத்தில் கார்பன் டை ஆக்சைடு திண்மமாவதும் அப்படித்தான். ஆவியுறைதல் என்பது அங்கும் துல்லியமாகப் பொருந்துகிறது.

இன்னொரு நண்பர் ‘ஆவி உறைதல்’ என்றால் உயிர் தங்குதல் என்று பொருள் வருமே என்று தயங்கினார். ஆவிக்கு உயிர் என்ற பொருளும், உறைதலுக்குத் தங்குதல் என்ற பொருளும் உண்மைதான். ஆனால் ஆவி அழுத்தம், ஆவியாதல், உறைநிலை என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறோம். வகுப்பில் யாரும் குழம்பியதில்லை. பால் தயிராக உறைவதும் இரத்தம் உறைவதும் நிலைமாற்றம் அல்ல என்று அவர் சொன்னதுதான் கனமான தடை. அந்தத் தடை ‘உறைதல்’ என்ற தனிச்சொல்லுக்கு ஏற்கெனவே இருக்கிறது. முன்னால் ‘ஆவி’ சேர்ந்தவுடன் விலகிவிடுகிறது.

சமவெளிப் பள்ளிகளுக்கு உறைபனி கிடைக்காது. அவர்களுக்கு இரண்டு எவர்சில்வர் டம்ளர் போதும். ஒன்றில் நொறுக்கிய பனிக்கட்டி மட்டும். மற்றொன்றில் பனிக்கட்டியோடு மூன்றில் ஒரு பங்கு கல்லுப்பு. இரண்டின் வெளிப்புறத்தையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். முதல் டம்ளர் வியர்க்கும். உப்பிட்டதில் வெண்மையான பூச்சு ஏறும், நகத்தால் கீறலாம். சென்னைபோல் ஈரக்காற்று உள்ள ஊர்களில் உப்பு டம்ளரிலும் முதலில் நீர்த்துளி தோன்றிப் பிறகு உறையக்கூடும். உப்பைச் சேர்த்தபின் மறுபடி ஒருமுறை துடைத்தால் நல்லது. நவச்சாரத்தை (அம்மோனியம் குளோரைடை) மட்டும் எடுத்துக்காட்டாகக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, குளிர்ந்த இடத்தில் மீண்டும் சேர்கிறது. அது வேதிமாற்றம், இந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

பதிவை இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்:

ஆவியுறைதல் – ஒரு பொருள் ஆவி நிலையிலிருந்து திரவமாகாமல் நேரே திண்மமாகும் நிலைமாற்றம். வினை: ஆவியுறைகிறது, ஆவியுறைந்தது. எடுத்துக்காட்டு: புல்லின் மேல் ஊசிகளாகத் தோன்றும் உறைபனி, குளிர்ந்த புனலின் உட்புறத்தில் தோன்றும் அயோடின் படிகங்கள். தொடர்புடைய சொல்: ஆவியுறைநிலை (ஆவியுறைதல் நடக்கும் வெப்பநிலை).

எழுத்தில் ஒரு வேண்டுகோள். ‘ஆவியுறைதல்’ என்று சேர்த்தே எழுத வேண்டும். பிரித்து எழுதினால் ‘ஆவி’ எழுவாயாகவும் ‘உறைதல்’ தனிச்சொல்லாகவும் நின்றுவிடும். சொற்பட்டியலின் அகரவரிசையிலும் தேடுவோருக்குக் கிடைக்காது. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எந்த வாக்கியத்தில் சொல் இடறுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த வாக்கியத்தை வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டுப் பதில் தருகிறேன்.