காகிதத் திரையில் காவடிப் பதிவு: சோதனையில் பார்த்தவை

மொரிஷியஸின் ரோஸ்ஹில், வாக்வா, போர்ட் லூயிஸ் ஊர்களிலிருந்து மூவர் பேசுகிறோம்.

ரோஸ்ஹில்:
கோயில் இணையதளத்துக்குக் காவடிப் பதிவுப் படிவம் செய்கிறவர்கள், ஒரு வரி நிரல் எழுதும் முன்பு அதைக் காகிதத்தில் ஓட்டிப் பாருங்கள். ஏ3 அட்டைதான் மேசை. கைபேசித் திரைக்கு இன்னொரு அட்டையில் 7 × 15 செ.மீ. சன்னல் வெட்டி, பின்னால் நீளமான தாள்பட்டையைச் செருகுங்கள். பட்டையை இழுத்தால் பக்கம் நகரும். விரியும் பட்டியல் ஒவ்வொன்றும் தனித் துண்டு. மடித்து வைத்திருந்து, விரல் பட்டதும் விரிக்க வேண்டும். படிவத்தின் மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளும் அழியும் மார்க்கரும் இருந்தால், அடுத்த ஆளுக்குத் துடைத்துவிட்டுக் கொடுக்கலாம்.

ஸ்கேல் வைத்துக் கோடு போடாதீர்கள். அச்சடித்ததுபோல் இருந்தால் பேச்சு நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் போய்விடும். கோணல்மாணலாக இருந்தால்தான் "இதைத் தொட்டால் எங்கே போகும்?" என்று கேட்பார்கள்.

வாக்வா:
ரோஸ்ஹில் அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோதனை பெரும்பாலும் கெடுவது, 'கணினி'யாக உட்காருகிறவரால்தான், அதாவது பயனர் தொட்டதற்கேற்பத் துண்டுகளை எடுத்து வைப்பவரால். பயனர் தொடும் முன்பே அவர் கை அடுத்த துண்டைத் தேடிப் போகும். அதுவே விடையைச் சொல்லிவிடும். துண்டுகளை எண்ணிட்டு, மடியில் வைத்த கோப்புக்குள் மறைத்துக்கொள்ளட்டும். வாயே திறக்கக் கூடாது. தேட நேரமானால் 'காத்திருக்கவும்' அட்டை. வரையாத இடத்தைப் பயனர் தொட்டால், நடத்துகிறவர் "இங்கே என்ன வரும் என்று நினைத்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலைக் குறிப்பெடுப்பவர் அப்படியே எழுதட்டும். பல நேரம் விடுபட்ட பக்கம் எது என்பது அங்கேதான் தெரியும்.

இன்னொன்று: வாக்வா, க்யூர்பிப் போன்ற மேட்டு ஊர்களின் ஈரத்தில் சாதாரணத் தாள் சுருண்டுவிடும், ஒட்டுத்தாளும் பிடிக்காது. சதுர மீட்டருக்கு 160 கிராம் எடையுள்ள தடித்த தாள் வாங்குங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

போர்ட் லூயிஸ்:
பயனர் செய்ய வேண்டியதைச் சொல்லும் பணி அட்டையில் பொத்தானின் சொல்லையே எழுதினால் அது சோதனை ஆகாது, சொல் பொருத்தும் விளையாட்டு. 'காவடிப் பதிவு செய்க' என்று எழுதாமல், 'உங்கள் தம்பி தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார், கோயிலுக்குத் தெரிவியுங்கள்' என்று எழுதுங்கள். வாய்விட்டு யோசிக்கச் சொல்லும்போது இங்கே எல்லோரும் பேசும் க்ரியோல் மொழியில் பேச விடுங்கள். தமிழில்தான் பேச வேண்டும் என்றால் பலர் மௌனமாகிவிடுவார்கள், மௌனத்தை எப்படிக் குறிப்பெடுப்பது?

இந்தியப் படிவத்தைப் பார்த்து வரைந்தவர்கள் கைபேசி எண்ணுக்குப் பத்துக் கட்டம் போட்டிருப்பார்கள். நம் எண் 8 இலக்கம். ஆட்கள் எட்டை நிரப்பிவிட்டு, மிச்சம் இரண்டைப் பார்த்து எதையோ தவறவிட்டோம் என்று முதலிலிருந்து எண்ணுவார்கள். அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான்: 14 இடம், முதலில் குடும்பப் பெயரின் எழுத்து. 'எண்கள் மட்டும்' என்று எழுதினால் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள். 'தந்தை பெயர், இனிஷியல்' இங்கே வேண்டாம். குடும்பப் பெயர், பெயர் என்று இரண்டு புலம் போதும்.

மொழி மாற்றும் பொத்தான்களின் வரிசையையும் சும்மா விடாதீர்கள். 1998-ல் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழைக் கீழே இறக்கியதற்கு எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன!

ரோஸ்ஹில்:
எத்தனை பேரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று கேட்டவருக்கு: பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த நீல்சன், லாண்டவர் கணக்கில் ஒருவர் சராசரியாக 31% சிக்கல்களைக் காட்டுவார், 5 பேர் ஏறக்குறைய 85%. ஆனால் அது ஒரே மாதிரியான ஆட்களுக்கு. பேரனும் பாட்டியும் வேறு வேறு குழு, குழுவுக்கு 3 பேராவது வேண்டும். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் ஐந்து வரை காத்திருக்க வேண்டாம். அந்தத் துண்டை அங்கேயே மாற்றி வரைந்து அடுத்தவரிடம் கொடுங்கள்.

வேகம், நிறம், சிறிய எழுத்து படிக்க முடிகிறதா என்பவை காகிதத்தில் தெரியாது. தமிழில் தட்டச்சு செய்வதும் அப்படியே. பிளாஸ்டிக் தாளில் மார்க்கரால் பெயரைத் தமிழில் அழகாக எழுதிவிடுவார்கள். அவர்கள் கைபேசியில் தமிழ் விசைப்பலகையே இருக்காது. அந்தப் புலத்தை மட்டும் அவரவர் கைபேசியில் தனியாகச் சோதியுங்கள்.