மறு: 'மைக்ரோகிராவிட்டி'க்கு 'எடையுணரா நிலை' பொருந்துமா?

அன்பின் நண்பர்களுக்கு,

செய்மதிகளில் (செயற்கைக்கோள்களில்) செடிகளையும் விலங்குகளையும் அனுப்பிச் செய்யும் ஆய்வுகள் பற்றிய கட்டுரையில், சுற்றுப்பாதையில் பொருள்கள் மிதக்கும் நிலையைக் குறிக்கும் 'மைக்ரோகிராவிட்டி' (microgravity) என்ற சொல்லுக்குத் தமிழாக திருச்சி ஐயா 'ஈர்ப்பின்மை' என்றும், யாழ்ப்பாணத்து அக்கா 'நிறையின்மை' என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டிலும் எனக்குத் தயக்கம். அதனால் 'எடையுணரா நிலை' என்று வைக்கலாமா என்று கேட்கிறேன். முதலில் 'ஈர்ப்பின்மை'யைப் பார்ப்போம்.

2024 டிசெம்பர் 30 இல் இஸ்ரோ ஏவிய பிஎஸ்எல்வி-சி60 ரொக்கெற்றுடன் எட்டு கௌபி விதைகள் போயின (ஐயாவுக்கு: உங்கள் ஊர்த் தட்டைப்பயறு). நான்காம் நாளே முளைத்துவிட்டன. அவை சுற்றிய சுமார் 350 கிலோமீற்றர் உயரத்தில், தரையில் இருக்கும் ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. இல்லாவிட்டால் பூமியைச் சுற்றவே முடியாதே! விதையும் பெட்டியும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால், விதையைத் தாங்கத்தான் அங்கே எதுவும் இல்லை. 'நுண்ணீர்ப்பு' (நுண் + ஈர்ப்பு) என்றாலும் இதே குழப்பம் வரும்.

அக்கா, 'நிறையின்மை' இலங்கையில் நமக்குச் சரி. திணிவு (mass), நிறை (weight) என்றுதானே நாம் படித்தோம். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நம் திணிவுக்குப் பெயர் நிறை, நம் நிறைக்குப் பெயர் எடை. மதுரையில் ஒரு பிள்ளை இதை வாசித்தால் விதைக்குத் திணிவே போய்விட்டது என்று நினைக்கும். 'எடை' என்றால் இரு கரையிலும் குழப்பமில்லை.

சரி, 'எடையற்ற நிலை' பழக்கத்தில் இருக்கிறதே என்பீர்கள். திணிவை ஈர்ப்பு ஆர்முடுகலால் (முடுக்கத்தால்) பெருக்கினால் எடை என்று படிக்கும் மாணவனுக்கு அதுவும் இடிக்கும். ஈர்ப்பு இருக்கிறது, அப்போ எடையும் இருக்கத்தானே வேண்டும்? இல்லாமல் போவது எடையின் உணர்வு.

போன கிழமை வெள்ளவத்தையில் வீட்டிலேயே பார்த்தேன். ஈரப் பஞ்சில் கௌபி முளைக்க வைத்து, இரவு போத்தலைப் படுக்கையாகச் சரித்துவிட்டேன். காலையில் வேர் நுனி முழங்கை மடித்ததுபோல் கீழே திரும்பியிருந்தது. "மாமா, அதுக்குக் கீழ எதெண்டு எப்படித் தெரியும்?" என்றாள் மருமகள். வேர் நுனியை மூடியிருக்கும் வேர்மூடிக் கலங்களுக்குள் (செல்களுக்குள்) மாப்பொருள் மணிகள் இருக்கின்றன. அவை தம் எடையால் அடியில் போய்த் தங்கும், அதை வைத்தே வேர் திசை அறியும். சுற்றுப்பாதையில் அந்த மணிகள் அடியில் தங்குவதில்லை. விலங்குகளின் உட்காதில் இருக்கும் நுண்கற்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். இரண்டுக்கும் பொருந்துகிற சொல்லாகத்தான் 'எடையுணரா நிலை' எனக்குத் தோன்றியது.

இன்னொரு வசதியும் உண்டு. 1977 இல் சோவியத்தின் கொஸ்மொஸ் 936 செய்மதியில் சில எலிகளைச் சுழலும் பொறியில் வைத்து, பூமியில் உள்ள அளவுக்கு எடையை உணர வைத்தார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். 'எடையூட்டிய எலிகள்', 'எடையுணரா எலிகள்' என்று அந்த ஒப்பீட்டை இரண்டு சொல்லில் எழுதிவிடலாம். 'ஈர்ப்பின்மை'யிலிருந்து இப்படி ஒரு இணையை எடுக்க முயன்றேன், வரவில்லை.

நாசா 1967 இல் உயிரிகளோடு அனுப்பிய பயோசற்றலைற் 2 (Biosatellite 2) போன்றவற்றுக்கு அக்கா தந்த 'உயிர்ச்செய்மதி' எனக்கு முழுச் சம்மதம். ஐயா விரும்பினால் 'உயிர்ச்செயற்கைக்கோள்' என்பதையும் பக்கத்தில் போடுவோம்.

'உணரா' என்ற எதிர்மறை உறுத்துகிறது என்றால் வேறு வடிவம் சொல்லுங்கள். ஞாயிறு இரவுதான் கட்டுரையைத் திருத்த உட்காருவேன்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து