ஆடி டிடிக்கு எந்த இன்ஜின் ஆயில்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்

மாங்கொட்டை (கிருஷ்ணகிரி):
வணக்கம். பெங்களூரிலிருந்து 2016 மாடல் ஆடி டிடி கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்திருக்கிறேன். 2.0 டிஎஃப்எஸ்ஐ பெட்ரோல், 230 குதிரைத்திறன். சர்வீஸ் பில் எதுவும் கையில் இல்லை, கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று பழைய ஓனரிடம் கேட்டால் "நல்ல ஆயில்தான் சார்" என்கிறார், அதற்கு மேல் வாய் திறக்க மாட்டேன் என்கிறார். ஆயில் கறுத்துக் கிடக்கிறது, மோந்து பார்த்தால் லேசாக பெட்ரோல் வாடை. முதல் வேலையாக அதை மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன்.

வாரநாளில் வண்டி டவுனுக்குள்தான், கடைக்கும் வீட்டுக்கும். ஞாயிற்றுக்கிழமை தர்மபுரி, தொப்பூர் கணவாய் வழியாக சேலம் போய்த் திரும்புவேன். எனக்குப் பழக்கமான மெக்கானிக் கிரானைட் லாரிகள் பார்ப்பவர், கை சுத்தமான ஆள். அவர், "நம்ம ஊர் வெயிலுக்கு 5டபிள்யூ-30 மாதிரி 30 நம்பர் ஆயில் எல்லாம் தண்ணி மாதிரி ஓடிடும், 15டபிள்யூ-40 ஊத்து" என்கிறார். ஆயில் கடைக்காரர் 20டபிள்யூ-50 எடுத்து நீட்டுகிறார். யாராவது உருப்படியாகச் சொல்லுங்களேன்.

தொப்பூர்_வளைவு (தர்மபுரி):
அண்ணா, முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் நம்பரை விடுங்கள், கேனைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். உங்கள் வண்டிக்குத் தேவை ஃபோக்ஸ்வாகன் 502 00 அல்லது 504 00 அப்ரூவல். ஆடியும் அதே குழுமம் என்பதால் அந்தக் குறியீடுதான் இதற்கும். ஓனர் மேனுவலில் ஆயில் பக்கத்திலும் இருக்கும், ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு சூட்சுமம்: "அப்ரூவல்" என்று போட்டிருந்தால் கார் கம்பெனி சோதித்து ஒத்துக்கொண்ட ஆயில். "சூட்டபிள் ஃபார்", "மீட்ஸ்" என்றெல்லாம் இருந்தால் அது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது.

லாரி மெக்கானிக் சொன்ன 15டபிள்யூ-40 நம் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்கும், டீசல் லாரிக்கு அருமையான ஆயில், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உங்களுடையது டர்போ, அதுவும் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற வகை. இந்த வகை இன்ஜினில் குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஏறி மிதிக்கிறோம் பாருங்கள், அந்த நேரம்தான். பிஸ்டனையே உடைக்கிற அளவுக்கு அடி விழும். ஆயிலில் கால்சியம் சேர்மானம் அதிகமாக இருந்தால் இது கூடும் என்று கண்டுபிடித்துத்தான் அமெரிக்க பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ 2018இல் எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி என்று புதிய தரங்களே கொண்டுவந்தார்கள். லாரி ஆயிலுக்கு இந்தச் சோதனை கிடையாது, டீசலுக்கு அது தேவையும் இல்லை. அதனால் ஃபோக்ஸ்வாகன் அப்ரூவலோடு ஏபிஐ எஸ்பியும் இருக்கிற கேனாகப் பார்த்து எடுங்கள்.

ஓசூர்_பறவை:
மேலே சொன்னது எல்லாம் சரி ப்ரோ, ஆனா ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிட்டு சாதா ஆயிலா? 10டபிள்யூ-60 ரேஸ் ஆயில் ஊத்துங்க. பிஎம்டபிள்யூ எம்3க்கே அதுதான். கனமான ஆயில், கனமான பாதுகாப்பு.

கறுப்பு_எண்ணெய் (பாலக்கோடு):
ஓசூர் தம்பி, பிஎம்டபிள்யூ அதைச் சொன்னது பழைய ஈ46 எம்3 மாதிரி 8000 ஆர்பிஎம் தொடுகிற சில எம் இன்ஜின்களுக்கு. அதை வைத்து ஸ்போர்ட்ஸ் கார் எல்லாவற்றுக்கும் அதுதான் என்று சொன்னால் எப்படி? டிடி இன்ஜினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், வால்வு டைமிங்கை மாற்றுகிற அமைப்பு, டர்போ பேரிங் மூன்றும் ஆயிலை நம்பித்தான் இருக்கின்றன. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கெட்டி ஆயில் மெதுவாகத்தான் மேலே ஏறும், அந்த நேரத்துத் தேய்மானத்தை யார் கணக்கெடுக்கிறார்கள்?

30ஆ 40ஆ என்பதில் நம் ஆட்களுக்கு வீண் பயம். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிருக்கு. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியில் இன்ஜின் சுழலுமா என்று பார்த்துக் கொடுத்தது. மார்கழி விடியலில்கூட ஓசூரில் அந்தக் குளிர் வரப்போவதில்லை, அதனால் 0வா 5ஆ என்று மண்டையை உடைக்க வேண்டாம். பின்னால் உள்ள எண்தான் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டி என்பது. வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் உள்ளே ஆயில் 100ஐத் தொட்டுத்தான் ஓடும், ஜெர்மனியிலும் அப்படித்தான். கூலன்டும் ஆயில் கூலரும் எதற்கு இருக்கின்றன?

இன்னொன்று. 504 00 அப்ரூவல் வாங்கிய 5டபிள்யூ-30 சும்மா லேசான ஆயில் கிடையாது. 150 டிகிரியில் வேகமாக அரைபடும்போது படலம் எவ்வளவு தாங்குகிறது என்று ஒரு அளவு உண்டு, ஹெச்டிஹெச்எஸ் என்பார்கள். இந்த அப்ரூவலுக்கு அது 3.5க்குக் குறையக்கூடாது. 502 00 வாங்கிய 5டபிள்யூ-40க்கும் அதே 3.5தான் கீழ்வரம்பு. லேசான ஆயில் என்று பயப்பட வேண்டியது 508 00 என்று போட்ட 0டபிள்யூ-20ஐப் பார்த்துத்தான், அது 2.6லேயே பாஸ் ஆகிவிடும், உங்கள் வண்டிக்கு வேண்டாம்.

என்னைக் கேட்டால் உங்கள் ஓட்டத்துக்கு 502 00 உள்ள 5டபிள்யூ-40. காரணம் வெயில் இல்லை, அந்தப் பெட்ரோல் வாடை. டவுனுக்குள் சின்னச் சின்ன ஓட்டத்தில் கூலன்ட் சூட்டைக் காட்டும் முள் சீக்கிரம் நடுவுக்கு வந்துவிடும், ஆயில் சூடாக அதற்கு மேலும் நேரம் ஆகும். எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் இறங்கி நீர்க்க வைக்கும். இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அது ஈரத்தையும் இழுக்கும். கொஞ்சம் கெட்டியாகத் தொடங்கினால் நீர்த்த பிறகும் தாக்குப்பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் இருக்கிறதே, அதில் ஓரளவு ஆவியாகிப் போய்விடும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றத்தான் வேண்டும்.

மாங்கொட்டை (கிருஷ்ணகிரி):
தெளிவாகிவிட்டது, இருவருக்கும் நன்றி. 502 00, எஸ்பி, 5டபிள்யூ-40. ஆன்லைனில் ஒரு கேன் பாதி விலைக்குக் காட்டுகிறது, எடுக்கலாமா? மாற்றுகிற வேலையை நம் லாரி மெக்கானிக்கிடமே கொடுக்கலாமா?

தொப்பூர்_வளைவு (தர்மபுரி):
பாதி விலை என்றாலே வேண்டாம் அண்ணா. நல்ல பிராண்ட் பழைய கேனில் மட்ட ஆயில் நிரப்பி சீல் போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி டீலரிடம் பில்லோடு வாங்குங்கள். ஊற்றி முடித்ததும் காலி கேனின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள், அது திரும்ப எவன் கைக்கும் போகக்கூடாது. 5 லிட்டருக்கு மேல் பிடிக்கும் வண்டி, அதனால் கூடவே இரண்டு 1 லிட்டர் கேனும் வாங்குங்கள். மிச்சத்தை டிக்கியில் வைத்துக்கொள்ளலாம், ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குடித்தாலும் சகஜம்தான் என்று மேனுவலே சொல்கிறது.

சேலத்திலிருந்து திரும்பும்போது கணவாய் ஏறிய சூட்டோடு வண்டியை நிறுத்தி உடனே ஆஃப் செய்யாதீர்கள். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் காலைத் தளர்த்தி வாருங்கள், இல்லையென்றால் டர்போவுக்குள் நிற்கிற ஆயில் கருகி அடையும்.

கறுப்பு_எண்ணெய் (பாலக்கோடு):
மெக்கானிக்கிடம் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். இந்த இன்ஜின் வந்த பல வண்டிகளில் அடியில் ஆயில் நிற்கிற சம்ப் பிளாஸ்டிக், ஆயிலை வடிக்கிற டிரெயின் பிளக்கும் பிளாஸ்டிக். லாரி போல்ட்டை முறுக்குகிற பலத்தில் ஸ்பேனர் போட்டால் சம்ப்போடு போய்விடும். அந்த பிளக் ஒரு தடவைக்குத்தான், புதிதாக ஒன்று முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள், ஃபில்டரும் அப்படியே. ஃபில்டர் மேலே இருக்கும், அதன் ஓ-ரிங்கில் புது ஆயிலை விரலால் தடவிவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.